ஆளுக்கு ஒரு நினைவு

பணம் வாங்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு நடந்த மூன்றாவது தேர்தலில்தான் திலகமணி வேட்பாளராக நின்றாள். சுவரொட்டி, மேடை, மைக், வண்டி எல்லாவற்றையும் அரசாங்கமே கொடுத்துவிடும். வேட்பாளருக்கு யாரும் ஒரு வேளைச் சாப்பாடுகூட வாங்கித் தரக் கூடாது. தரலாம் என்று சட்டம் விட்டுவைத்தது ஒன்றே ஒன்றைத்தான். ஆளுக்கு ஒரு நினைவு.

அனுபவக் கொடை என்று அதற்குப் பெயர். ஜனங்கள் படும் பாட்டை அவர்களுக்காகப் பேசப் போகிறவர் தன் பாடாகவே உணரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் கொண்டுவந்தது. கொடுப்பவர் மையத்துக்கு வந்து படுத்துக்கொள்வார். அடுத்த கட்டிலில் வேட்பாளர் படுத்துக்கொள்வார். இருபது நிமிடத்தில் ஒருவருடைய தலையிலிருந்து மற்றவருடைய தலைக்கு அது போய்விடும். கொடுத்தவரிடம் பிறகு இருக்காது. நினைவைப் படியெடுக்க வழி இல்லை, இடம் மாற்றத்தான் முடியும் என்று எல்லா மையங்களின் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

வேலாங்கரையில் திலகமணியைத் தெரியாத உப்பளத் தொழிலாளி கிடையாது. பதினோரு வருடம் அவர்களுக்காக வழக்கு நடத்திய வக்கீல். அதில் பெரும்பாதி அலைமகள் கெமிக்கல்ஸ் மேல் போட்ட வழக்குகள். உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிற ஆலை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அங்கே ஒரு குழாய் விட்டுப்போனது. வாயு தரையோடு தரையாக வாய்க்கால் வழியே இறங்கி உப்பளத்துக்கு வந்தது. அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோன முத்தரசி என்கிற எட்டு வயதுப் பெண் அதில் செத்துப்போனாள்.

முத்தரசியின் அம்மா சந்தனமாரிதான் திலகமணிக்கு முதல் கொடை கொடுத்தவள்.

மையத்தில் இருந்த டாக்டர் ரெஹானா அன்றைக்கே எச்சரித்தார். "ஒண்ணை எடுத்தா அது மட்டும் வராது. செடியப் புடுங்குனா வேரோட மண்ணும் சேர்ந்து வர்ற மாதிரி. ஆழமா இருக்கிறதுன்னா இன்னும் நெறைய வரும். யோசிச்சுக்குங்க."

"நாலு வருசமாத் தூங்கல டாக்டரம்மா," என்றாள் சந்தனமாரி. "வக்கீலம்மாட்ட இருந்தா அது நாலு பேருக்கு ஒதவும். எங்கிட்ட இருந்து என்னத்துக்கு?"

கண்ணை மூடிய திலகமணி, உப்பளத்து வரப்பில் ஓடிக்கொண்டிருந்தாள். தோளில் பிள்ளையின் கனம். காதருகே, அறுந்து அறுந்து வரும் மூச்சு. மூக்கில் ப்ளீச்சிங் பவுடரின் காரம். பிள்ளையின் வலது கால் செருப்பு கழன்று விழுந்ததும், அதை எடுக்கத் திரும்பலாமா என்று ஒரு கணம் நினைத்ததும்கூட அப்படியே இருந்தது. விழித்தபோது அவளுடைய சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. அடுத்த கட்டிலில் சந்தனமாரி எழுந்து உட்கார்ந்து, "முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். முகம் துடைத்து வைத்தது போல இருந்தது.

பிரச்சாரத்தில் திலகமணி எழுதி வைத்துப் பேசவில்லை. மேடையேறி வாயைத் திறந்தால் போதும், வரப்பில் ஓடினாள். கூட்டம் அவளோடு ஓடியது.

வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கட்சியின் தேர்தல் பொறுப்பாளர் அருமைநாயகம் வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். அறுபது வயது. பழைய பண காலத்துத் தேர்தல்களையும் பார்த்தவர்.

"தங்கச்சி, குற்றாலநாதன் கொடை குடுக்கணும்னு கேக்காரு."

"ஆலைக்காரரா? எனக்கா?"

"ஒனக்குத்தான். எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதியே குடுத்திருக்காரு."

"வேண்டாம்ணே."

"வேண்டாம்னா மத்தவன் வாங்கிக்கிடுவான். அது போகட்டும். நீ வக்கீல்தான? அந்தாளு தலைக்குள்ள இருந்து ஒரு துண்டு ஒனக்குக் கெடைக்குது. அதுல என்னென்ன இருக்கும்னு யோசி."

அவள் யோசித்தாள். விட்டுப்போன குழாய், மறைத்த அறிக்கை, யாருக்கோ போட்ட போன். ஒரு துண்டு போதும். சரி என்றாள்.

குற்றாலநாதனுக்கு எழுபத்தெட்டு வயது. வேலாங்கரை மையத்தில் படுக்கும் அளவுக்கு உடம்பில் வலு இல்லை என்று சொல்லி, சென்னையில் அவருடைய சொந்த ஆஸ்பத்திரியிலேயே நினைவை எடுத்து, முத்திரை வைத்த பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். அவரும் கூடவே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தடி.

"நான் எதையும் கேக்க மாட்டேன்மா," என்றார். "நீயே தெரிஞ்சுக்கோ."

அதில் குழாயும் இல்லை, அறிக்கையும் இல்லை. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், வெயிலில் காயும் நீளநீளமான விரிப்புகள். அவற்றுக்கு நடுவே ஆறு வயதுப் பையனாக அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் தொட்டியில் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. முந்தானையில் கிழிந்த இடத்தை மஞ்சள் நூலால் தைத்திருந்தது. அவள் வேலையை விட்டு வந்து பையனை மடியில் கிடத்தி, வெளுத்து வெடித்த விரல்களால் நெற்றியை அழுத்தினாள். அவள் மேலெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் வாசம். அது காரமாக இல்லை. அவ்வளவு இதமான வாசத்தைத் திலகமணி அதுவரை அறிந்ததில்லை.

"இதுக்கா இவ்வளவு?" என்று எழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் கைவிரலை முகர்ந்து பார்த்தாள்.

முப்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

பதினான்கு மாதம் கழித்து அலைமகள் ஆலையின் உரிமம் புதுப்பிக்க வந்தது. ஊர் எதிர்ப்பு உள்ள ஆலை என்பதால் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் கொண்ட குழு விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்றது அரசு. தலைவர் திலகமணி. மற்ற இருவரில் ஒருவர் துரைசிங்கம், எதிர்க்கட்சி, மேற்கே மலையோரத் தொகுதிக்காரர். இன்னொருவர் நஸ்ரின் பேகம், மூன்றாவது ஒரு கட்சி, முதல் முறையாக ஜெயித்தவர். இருவரிடமும் அவள் அதற்குமுன் பேசியதில்லை.

விசாரணைக்கு முன்னால் ஆலையை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஒரு காலைப்பொழுதில் தனியாகப் போனாள். எத்தனையோ தடவை அந்த வாசலில் கோஷம் போட்டிருக்கிறாள். உள்ளே போனது அதுதான் முதல் தடவை. மேலாளர் ஏதேதோ எண்களைச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். குளோரின் தொட்டிகள் இருந்த கொட்டகைக்குள் நுழைந்ததும் அந்த வாசம் வந்தது.

அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மேலாளர் "மேடம், மேடம்" என்று கூப்பிடுவது எங்கோ கேட்டது. கண்ணைத் திறந்தால், ஒரு தொட்டியின் இரும்புச் சுவரில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து நின்றிருந்தாள். இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"உடம்புக்கு முடியலையா மேடம்?"

"ஒண்ணுமில்ல," என்றாள். பிறகு தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டாள். "இத மூடக் கூடாது."

காரில் திரும்பும்போது அவளைப் பயமுறுத்தியது, மனசு அடுக்கிக்கொண்டே போன காரணங்கள்தான். ஆயிரத்து நானூறு குடும்பம் பிழைக்கிறது. குழாயெல்லாம் மாற்றிவிட்டார்கள். மூடினால் வேறு மாநிலத்துக்குப் போய்விடும், அங்கே இன்னொரு உப்பளம், இன்னொரு பிள்ளை. எல்லாமே நல்ல காரணங்கள். கோர்ட்டில் அவளே வாதாடியிருப்பாள். காரணங்கள் முடிகிற இடத்தில் மட்டும் பச்சைக் கரைச் சேலை கட்டிய ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

விதிப்படி, பாதிக்கப்பட்டவர் ஒருவராவது நேரில் வந்து சொன்னால்தான் ஆட்சேபணை என்று பதிவாகும். அன்று மத்தியானமே உப்பளத் தொழிலாளர்கள் இருக்கிற தாழையூர் காலனிக்குப் போனாள்.

சந்தனமாரியின் வீடு சுத்தமாக இருந்தது. அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். "வாங்க வக்கீலம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, டம்ளரில் கலர் ஊற்றிக் கொடுத்தாள். சுவரில் ஒரு சிறுமியின் படம், அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை.

"சந்தனமாரி, அடுத்த மாசம் விசாரணை. முத்தரசி விசயத்த நீ வந்து சொல்லணும்."

"சொல்லுதேன். அதுக்கென்ன. நீங்க எழுதிக் குடுங்க, அப்படியே சொல்லுதேன்."

"எழுதிக் குடுத்தா? ஒனக்கு…"

சந்தனமாரி படத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் எதிர் சீட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்பது போல அன்பாகத்தான் பார்த்தாள். "எனக்கு ஒரு மவ இருந்தான்னு எல்லாரும் சொல்லுதாவ. ரேசன் கார்டுல பேர அடிச்சிருக்கு. படத்துல என் சாடைதான் இருக்கு, என்னா? நல்ல லெட்சணமான புள்ள."

திலகமணியின் தோளில் அந்தப் பிள்ளையின் கனம் ஏறி உட்கார்ந்தது. உலகத்தில் வேறெங்குமே அது இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கு அடுத்த வீட்டுக்கும் போனாள். நுரையீரல் போய் மூன்று மாதம் கிடந்து செத்த தம்பியைப் பற்றி ஒருவன் கொடுத்திருந்தான். பிறந்தும் கைக்கு வராமல் போன குழந்தையைப் பற்றி ஒருத்தி கொடுத்திருந்தாள். மூன்று தேர்தலில், மூன்று கட்சிகளுக்கு, காலனியிலிருந்து இருபத்து மூன்று பேர். எல்லாரும் சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு மாலை போட்ட படங்கள். ஆலையைப் பற்றிக் கேட்டால், "அது பாட்டுக்கு ஓடுது, நாம பாட்டுக்கு இருக்கோம்" என்றார்கள். ஒரு காலத்தில் அவளோடு வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள்.

அருமைநாயகத்திடம் போய் நின்றாள். "ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "எல்லாக் கட்சிக்கும் தெரியும் தங்கச்சி. ஜனங்க கொறையவே வாங்கிட்டோம்னா கொறை சொல்ல ஆள் இருக்காது. அஞ்சு வருசம் நிம்மதி. பணம் குடுத்த காலத்துல இப்படி ஒரு வசதி இல்ல."

மறுநாள் குற்றாலநாதனின் பங்களாவுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. தகராறு செய்யவா, அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் படம் ஏதாவது மாட்டியிருக்குமா என்று பார்க்கவா?

படம் எதுவும் இல்லை. கிழவர் வராந்தாவில் நாற்காலியில் இருந்தார்.

"ஆலைப் பக்கம் இப்பல்லாம் போறதே இல்லம்மா," என்றார். "அந்த நாத்தம் தாங்கல. மூக்கப் பொத்திக்கிடுதேன். முன்னாடி எப்படி அங்கயே கெடந்தேன்னு தெரியல." பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒங்கிட்டதான இருக்கா எங்கம்மா? எப்படி இருப்பா? சொல்லேன்."

அவள் சொன்னாள். சேலையை, மஞ்சள் நூலை, வெடித்த விரல்களை, நெற்றியில் அழுத்தும்போது கட்டைவிரல் கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதை. சொல்லச் சொல்ல அவளுக்கே கண் நிறைந்தது. கிழவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கதையைக் கேட்கிற முகமாக இல்லை அது. தேறிவிட்டதா என்று நோயாளியைப் பார்க்கிற முகம்.

"திருப்பித் தந்துடுதேன் ஐயா," என்றாள். "நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். ஒங்கம்மா ஒங்ககிட்ட வந்துடுவாங்க."

அவர் தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"லைசென்ஸ் வேலை முடியட்டும்மா," என்றார். "அப்புறம் பாப்போம்."

வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. விடைபெறாமல் எழுந்து அதில் இறங்கி நடந்தாள்.

டாக்டர் ரெஹானா சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். கொடுத்தவர் சம்மதித்தால் கொடையைத் திருப்பலாம். ஆனால் அந்த நினைவுகளை நம்பித்தான் ஜனங்கள் வாக்களித்தார்கள் என்பதால், திருப்பிய முப்பதாம் நாள் பதவி போய்விடும்.

"விசாரணை எப்ப?"

"பன்னெண்டு நாள்ல. அதுவரைக்கும் பதவி இருக்கும்."

"மேடம், இன்னொண்ணும் யோசிக்கணும். பொண்ணு நினைவு போகும்போது வேரோட வர்ற மண்ணு உங்களுதா இருக்கும். உங்க கோவம், அந்த வழக்குல உங்களுக்கு இருந்த வேகம் எல்லாம் போகலாம். அப்புறம் உங்ககிட்ட மிஞ்சறது அந்தப் பெரியவரோட அம்மா மட்டும்தான். அந்த மனசோட போய்த் தீர்ப்பு சொல்லப் போறீங்க."

"கேக்குறதுக்கு ஒரு ஆளாவது வேணும் டாக்டர். நானே நீதிபதி, நானே சாட்சின்னு உக்கார முடியாது. அதுவும் போக, அது அவ புள்ள."

சந்தனமாரி உப்பளத்தில் வாருபலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். திலகமணி வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. தூக்கம் போகும், சிரிப்பு போகும், நாலு வருடம் பட்டதை மறுபடி முதலிலிருந்து படணும் என்றாள். வேண்டாம் என்று நீ சொன்னால் நான் பேசாமல் போய்விடுவேன் என்றாள்.

சந்தனமாரி இழுப்பதை நிறுத்தவில்லை. "வக்கீலம்மா, அதுல அவ சிரிக்காளா?"

"ஒரு எடத்துல சிரிக்கா."

"எதுக்கு?"

"கஞ்சிச் சட்டியோட மூடிய முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டு. நீ தேடுறதப் பாத்து."

பலகை நின்றது. சந்தனமாரி அதை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வரப்பில் ஏறினாள்.

"எப்ப வரணும்?"

மையத்தில் திலகமணி கண் விழித்தபோது, பக்கத்தில் யாரோ ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள். கட்டிலின் இரும்பில் தலையை மோதிக்கொண்டாள். நர்ஸ் இருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாவம் என்று தோன்றியது. "டாக்டர், என்னாச்சு அவங்களுக்கு?" என்று கேட்ட பிறகுதான், அது சந்தனமாரி என்பது நினைவுக்கு வந்தது. பெயர் தெரிந்தது, வழக்கு எண் தெரிந்தது, மகள் செத்த தேதியும் தெரிந்தது. அந்த அழுகை மட்டும் யார் வீட்டு அழுகையாகவோ இருந்தது. அவள் தோள் லேசாக இருந்தது. அந்த லேசு அருவருப்பாக இருந்தது.

அதன் பிறகு விசாரணை நாள் வரை அவள் மனசில் இருந்தது ஒருத்திதான். காலையில் எழுந்தால் அவள், தலைவலித்தால் அவள் விரல்.

கலெக்டர் அலுவலகத்துக் கூட்ட அரங்கில் விசாரணை நடந்தது. ஆலையின் வக்கீல்கள் முன்வரிசை முழுக்க இருந்தார்கள். கடைசி வரிசையில் குற்றாலநாதன். ஆட்சேபணை உண்டா என்று எழுத்தர் கேட்டபோது சந்தனமாரி எழுந்தாள். பன்னிரண்டு நாளில் பாதியாகியிருந்தாள். கையில் எழுதிய தாள் இல்லை.

"தூக்கிட்டு ஓடுனேன்யா. வரப்பு வழுக்குது. செருப்பு ஒண்ணு வுழுந்துட்டு. புதுச் செருப்பு. எடுக்கத் திரும்பலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அந்த ஒரு நிமிசத்துக்கு இப்ப வரைக்கும் நான் சாவுதேன். ரோட்டுக்கு வந்தேன், வண்டி இல்ல. அவ என் கழுத்தப் புடிச்சிருந்த கை வுட்டுப்போச்சு." நிறுத்தி, மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நடுவுல பதினாலு பதினஞ்சு மாசம் இத நான் மறந்திருந்தேன். நல்லாத்தான் இருந்தேன். ஆனா எம்புள்ள இல்லாம நல்லா இருந்தேன். அது எனக்கு வேண்டாம். ஆலைய மூடுங்க, மூடாமப் போங்க. யாரும் அவள இல்லன்னு மட்டும் ஆக்கிராதிய."

முடிவெடுக்க மூவரும் உள் அறைக்குப் போனார்கள். கதவைச் சாத்தினார்கள்.

துரைசிங்கம் ஆறடிக்கு மேல் ஆள். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். "அந்தம்மா சொன்னது காதுலயே நிக்குது. ஆனா என்னால மூடச் சொல்ல முடியாதும்மா. காரணம் சொன்னாச் சிரிப்பீங்க."

"சொல்லுங்க."

"ஆலை வாசம். இங்க வந்து எறங்குனதும் காத்துல வந்துச்சு. எங்கம்மா வாசம் அது." அவர் குரல் உடைந்தது. "எங்கம்மா மில்லுல நூல் சுத்துனவ. எனக்குத் தெரியும். ஆனாலும் துணி வெளுக்குறா. வெயில்ல விரிப்பா காயுது."

"சேலை என்ன நிறம்?" என்றாள் திலகமணி.

"வெள்ளை. கரை…"

"பச்சை," என்றாள் நஸ்ரின் பேகம். அதுவரை பேசாமல் ஜன்னல் பக்கம் நின்றிருந்தவள். "முந்தானையில கிழிஞ்ச எடத்துல மஞ்சள் நூல்."

மூன்று ஊர், மூன்று கட்சி, மூன்று வயது. ஒரே மடியில் கிடந்த மூன்று பிள்ளைகளாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"முத்திரை வச்ச பெட்டி," என்றாள் திலகமணி.

"எனக்கும் பெட்டிலதான் வந்துச்சு," என்றார் துரைசிங்கம். "கெழவர் கூடவே வந்தாரு. எதையும் கேக்க மாட்டேன்னாரு."

அப்படியானால் படியெடுக்க முடியும். கிழவர் எதையும் இழக்கவில்லை. அம்மா எப்படி இருப்பாள் என்று வராந்தாவில் கேட்டது, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க. அடுத்த எண்ணம் அதைவிட மெதுவாக வந்தது. சந்தனமாரி மகளை மறந்திருக்கவே வேண்டியதில்லை. காலனியில் இருபத்து மூன்று பேரும் எதையும் மறந்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் படியெடுக்கிற இயந்திரத்தை வைக்காமல், பிடுங்குகிற இயந்திரத்தை வைத்திருந்தார்கள்.

"இது மோசடி," என்றாள். "மூணு பேரும் மறுத்து எழுதுவோம். காரணமும் எழுதுவோம்."

நஸ்ரின் பேகம் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று அல்ல. "தெரியுது அக்கா. ஆனா பேனாவ எடுத்தா, அவங்க தொட்டியப் பாத்துக் குனிஞ்சு நிக்கிறாங்க. அவங்க கையில இருக்கிற வேலையப் புடுங்கச் சொல்றீங்களா?" துரைசிங்கம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டிருந்தார்.

திலகமணி தாளை இழுத்தாள். அவளுக்குள்ளும் அந்தப் பெண் குனிந்துதான் நின்றாள். படியெடுத்தது என்று தெரிந்ததில் அவள் கொஞ்சமும் மங்கவில்லை. முத்தரசி உள்ளே எங்கும் இல்லை. தேடிப் பார்த்தாள், இல்லை. இருந்ததெல்லாம் அரை மணிக்கு முன் ஒரு தாய் எழுந்து நின்று சொன்ன சில வாக்கியங்கள்தான். அதைக் கேட்டது தன் சொந்தக் காது என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. 'மறுக்கப்படுகிறது' என்று எழுதினாள். எழுதும்போது, தன்னைப் பெற்றவளை நடு ரோட்டில் இறக்கிவிட்டுப் போவது போல வலித்தது.

இரண்டுக்கு ஒன்று. உரிமம் புதுப்பிக்கப்பட்டது.

வெளியே கார்கள் நின்ற இடத்தில் கடற்காற்று ஆலைப் பக்கமிருந்து வீசியது. எல்லாரும் மூக்கைச் சுளித்தார்கள். குற்றாலநாதன் காரில் ஏறப் போனவர், கதவைப் பிடித்தபடி நின்று கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

திலகமணி ரெஹானாவிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "பெரிய எடத்துல வேற மெஷின் இருக்குன்னு காதுல விழுந்துச்சு. நான் விசாரிக்கல. விசாரிச்சிருக்கணும்." புகார் கொடுத்தாள். சென்னை ஆஸ்பத்திரியில் அப்படி ஓர் இயந்திரமே இருந்ததில்லை என்று பதில் வந்தது. முப்பதாம் நாள் பதவி போனது. அருமைநாயகம் போன் பண்ணவில்லை.

சந்தனமாரியிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தாள். சந்தனமாரி கோபப்படவில்லை. எழுந்து, காலனியில் வீடு வீடாகப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ரெஹானா மையத்தைத் திறக்க வந்தபோது வாசலில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். வியாழக்கிழமைக்குள் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்துவிட்டார்கள். யார் யாரிடம் எது இருக்கிறது, எந்த உறுப்பினர் திருப்பித் தர மறுக்கிறார், யார் செத்துப்போனதால் யாருடையது மண்ணோடு போயிற்று என்பதையெல்லாம் எழுதி மனுவாக்க ஆள் வேண்டும். திலகமணி ஒரு மேசையைப் போட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியபோது ஒரு ஆள் மேசைக்கு முன் வந்து நின்றான். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கால் விரல்களெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. கையில் எந்தச் சீட்டும் இல்லை.

"என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"எந்த எலெக்சன்ல? யாருக்கு?"

"அதுவும் தெரியல." அவன் கையை நெஞ்சில் வைத்து, எதையோ தொலைத்த சட்டைப் பையைத் தடவுவது போலத் தடவினான். "வீட்டுல ரெண்டு தட்டு இருக்கு. நான் ஒத்தையாத்தான் இருக்கேன். என்னமோ போயிருக்கு. எதுவா இருந்தாலும் சரி, அத வாங்கிக் குடுங்க."

திலகமணி புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

"உக்காருங்க," என்றாள். "ஒங்க பேரு சொல்லுங்க."